உறுத்தலுக்கு ஓர் அளவுகோல்

பேருந்தில் சண்டை போட்டு ஜன்னலோர இடம் பிடித்த பிள்ளைக்குத்தான் முதலில் கண்ணில் தூசி விழும். அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றே. ‘கசக்காதே’ என்று ஓர் அதட்டல். பிறகு அம்மா இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் ‘ப்பூ’ என்று ஊதுவாள். போகாவிட்டால் முந்தானை நுனியை ஊசிபோலத் திரித்து ஒற்றி எடுப்பாள். அதற்கும் மசியாவிட்டால் உள்ளங்கை நிறையத் தண்ணீர் ஏந்தி, அதற்குள் கண்ணைத் திறந்து மூடச் சொல்வாள்.

காற்று, நூல், நீர். கண்ணின் மேற்பரப்பு எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்று அளக்க ஆய்வாளர்கள் சுமார் 130 ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கும் கருவிகளும் பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடும். வரிசைதான் வேறு: முதலில் நூல், பிறகு காற்று, இப்போது நீர். அம்மா தூசியை எடுக்கப் பார்க்கிறாள். இவர்களோ தூசியே இல்லாத கண்ணில் தூசி விழுந்ததுபோன்ற ஓர் உணர்வை, கணக்குப் பார்த்து, உண்டாக்கப் பார்க்கிறார்கள். அதுவும் ‘ஏதோ பட்டதா இல்லையா’ என்று சந்தேகப்படும் அளவுக்கு மட்டும்.

கருவிழி என்று சொல்லும்போது கறுப்பாகத் தெரிவது உள்ளே இருப்பது. அதன்மேல் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் தெளிந்த படலம்தான் கார்னியா. கண் மருத்துவமனையில் ‘கருவிழிப் புண்’ என்பது இந்தப் படலத்தில் வரும் புண்ணைத்தான் என்பதால் நானும் கருவிழி என்றே சொல்லிப் போகிறேன். குறுக்காக 11, 12 மில்லிமீட்டர். நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒளி தடையின்றிப் போகவேண்டிய இடம் என்பதால் ரத்தக்குழாய் கிடையாது. ஆனால் நரம்பு நுனிகள் உடம்பில் வேறெங்கும் இல்லாத நெருக்கத்தில் இருக்கின்றன. தோலோடு ஒப்பிட்டால் சில நூறு மடங்கு. ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 7,000 என்று ஒரு மதிப்பீடு உண்டு. ஒரு கடுகு உட்காரும் இடத்துக்குள் ஓர் ஊர் ஜனத்தொகை. இவை அனைத்தும் போய்ச் சேர்வது முகத்துக்கெல்லாம் பொதுவான முக்கிளை நரம்பில். பல்வலியைச் சொல்லும் அதே நரம்புதான் கண் உறுத்தலையும் மூளைக்குச் சொல்கிறது.

இந்த நுனிகள் ஒரே ஜாதியல்ல. கண்ணுக்கு வரும் தொல்லைகளுக்குத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று யோசித்தால் விஷயம் பாதி விளங்கிவிடும். தூசி விழுந்தால் கண் ‘உறுத்துகிறது’. சோப்பு பட்டால் ‘கரிக்கிறது’. மிளகாய்க் கை பட்டால் ‘எரிகிறது’. தைலம் தடவிய விரல் பக்கத்தில் போனாலே ‘ஜில்’லென்கிறது. உடலியலாளர்கள் மின்முனை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்த பிரிவினையும் ஏறத்தாழ இதுவே. ஏறத்தாழ 20 விழுக்காடு நுனிகள் அழுத்தத்துக்கு மட்டும் பதில் சொல்பவை; உறுத்தலின் கூர்மை இவற்றிலிருந்து வருகிறது. 70 விழுக்காடு பலவற்றுக்கும் பதில் சொல்பவை: அழுத்தம், சூடு, அமிலம், காரம், வெங்காய ஆவி எதுவானாலும் கத்தும். எஞ்சிய 10 விழுக்காடு குளிர்ச்சிக்கானவை.

எண்ணிக்கையில் குறைந்த இந்தக் கடைசிக் கூட்டம்தான் விசித்திரமானது. மற்றவை ஆபத்து வரும்வரை பெரும்பாலும் மௌனமாயிருக்க, குளிருணர் நுனிகள் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருக்கின்றன. கருவிழியின் மேற்பரப்பு சுமார் 34 பாகை செல்சியஸில் இருக்கிறது. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் கண்ணீர்ப் படலம் ஆவியாகும், மேற்பரப்பு கொஞ்சம் குளிரும், முணுமுணுப்பு உரக்கும், கண்ணீர் சுரக்கும். ஒரு பாகைக்கும் குறைந்த குளிர்ச்சியே போதும். டிஆர்பிஎம்8 என்னும் அயனிக் கதவு இதற்குக் காரணம். மென்தாலுக்குத் திறப்பதும் இதே கதவு. இதைக் கண்டறிந்தவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் கதவு இல்லாத எலிகளுக்கு இயல்பான ஈரக் கண்ணீர் குறைந்துவிடுகிறது என்று 2010இல் ஸ்பெயினின் அலிகாந்தே ஆய்வகம் காட்டியது. அழுகைக்கண்ணீர் வேறு, இது நாள் முழுக்க நமக்குத் தெரியாமலே கண்ணை நனைத்துக்கொண்டிருக்கும் கண்ணீர்.

சரி, இதை ஏன் அளக்க வேண்டும்? வலிக்கிறதா என்றால் நோயாளியே சொல்லிவிடப் போகிறார்.

வலிக்காதபோதுதான் சிக்கல். அக்கி, ஹெர்பிஸ் போன்ற வைரஸ்கள் கருவிழி நரம்பைத் தின்றுவிடும். மூளையடியில் வளரும் கட்டி அதை நசுக்கும். நீரிழிவு பாதத்தை மரக்கவைப்பதுபோல மெல்ல இதையும் மரக்கவைக்கும். உணர்வு போன கண் சரியாக இமைப்பதில்லை, காய்கிறது. நரம்பு நுனிகள் வெறும் காவல்காரர்கள் மட்டுமல்ல, மேற்பரப்புத் திசுவை வளர்க்கும் பொருள்களையும் அவை சுரக்கின்றன, அதுவும் நின்றுபோகிறது. ஒரு சிறு சிராய்ப்பு ஆறாமல் புண்ணாகி, புண் ஓட்டையாகும்வரை வலியே இருக்காது. ‘சிவந்திருக்கு, கொஞ்சம் மங்கலா தெரியுது, வலி ஒன்னும் இல்லை’ என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் கண் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இது புத்தகப் பாடமல்ல. தொழுநோய் இமையை மூடும் நரம்பையும் கருவிழியின் உணர்வையும் சேர்த்தே பறித்துவிடக்கூடியது. கண் மூடாது, மூடவில்லை என்பது தெரியவும் தெரியாது. வேலூரில் பணிபுரிந்த பால் பிராண்ட் வலியை ஒரு வரம் என்று உலகமெல்லாம் போய்ச் சொன்னதற்குப் பின்னால் இப்படிக் கை, கால், கண் இழந்தவர்கள் இருந்தார்கள்.

இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் நடக்கும் சோதனை, முந்தானை நுனியின் தம்பிதான். பஞ்சுக் குச்சியிலிருந்து நாலைந்து இழையை உருவி, கூராகத் திரித்து, பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய்க் கருவிழியைத் தொடுகிறார்கள். நேரே கொண்டுபோனால் பார்த்தவுடனே கண் மூடிக்கொள்ளும். பட்டதாலா பயத்தாலா என்று சொல்ல முடியாது. மரப்பு மருந்து விடுவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. சுலபமாகச் சொல்லிவிட்டேன், நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் கண் அழுத்தம் பார்க்க முதலிலேயே சொட்டு விட்டுவிடுவதும் உண்டு, அப்புறம் பஞ்சைக் கொண்டுபோய் என்ன பயன்? இந்தச் சோதனை தரும் விடை மூன்று: இருக்கிறது, குறைந்திருக்கிறது, இல்லை. சென்ற மாதத்தைவிட இம்மாதம் தேறியிருக்கிறதா என்று கேட்டால் பஞ்சுக்குப் பதில் தெரியாது.

கருவிழியின் உணர்வைச் சோதித்த கதைகளில் எனக்குப் பிடித்தது 1884இல் வியன்னாவில் நடந்தது. கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர், கொகெய்ன் கரைசல் நாக்கை மரக்கவைப்பதைக் கவனித்து, அதை ஒரு தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். தொட்டாலும் கீறினாலும் தவளை அசையவில்லை. முயல், நாய் என்று போய், கடைசியில் கண்ணாடி முன் நின்று தன் கண்ணிலேயே சொட்டை விட்டுக்கொண்டு குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் தெரியவில்லை. செப்டம்பரில் ஹைடல்பர்க் மாநாட்டில் அந்தக் கட்டுரையை வாசித்தவர் வேறொருவர். ரயிலுக்குக் கொடுக்கக் கொல்லரிடம் காசு இல்லை. அறுவைச் சிகிச்சையில் மரப்பு மருந்தின் சரித்திரம் அங்கே தொடங்குகிறது. நமக்கு வேண்டியது அந்தக் குண்டூசி. உணர்வு ‘இருக்கிறதா’ என்ற கேள்விக்கு அது போதும். ‘எவ்வளவு’ என்ற கேள்விக்குப் போதாது.

‘எவ்வளவு’ என்று கேட்டவர் ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் ஃபான் ஃபிரை. 1890களில் அவர் வெவ்வேறு நீளமும் கனமும் உள்ள மயிர்களைக் கோலில் ஒட்டித் தோலையும் கருவிழியையும் தொட்டார். குதிரை மயிரும் அதில் உண்டு. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்துச் சுவரில் அழுத்திப் பார்த்தால் தத்துவம் புரியும். நீளமாயிருந்தால் உடனே வளைந்துவிடும். அதையே ஒடித்துக் குட்டையாக்கினால் குத்தும். அதைவிட முக்கியமானது, வளையத் தொடங்கியபின் கை எவ்வளவு தள்ளினாலும் நுனியின் அழுத்தம் அதிகம் கூடுவதில்லை. சோதிப்பவரின் கை நடுங்கினாலும் நுனி நடுங்காது. எவ்வளவு எளிய, எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை! சர்க்கரை நோய் மருத்துவமனையில் பாதத்தில் குத்திப் பார்க்கும் நைலான் இழை ஃபான் ஃபிரையின் மயிருக்குப் பேரப்பிள்ளை.

1960இல் கொஷே, பொன்னே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மயிருக்குப் பதில் நைலான் இழையை ஒரு பேனாவுக்குள் வைத்தார்கள். இழையின் குறுக்களவு 0.12 மில்லிமீட்டர். 60 மில்லிமீட்டர் நீளம் வெளியே நீட்டித் தொடங்கி, உணரும்வரை 5 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முழு நீளத்தில் சுமார் 11 மில்லிகிராம் எடை, மிகக் குட்டையாக்கினால் சுமார் 200. இன்றுவரை ஆய்வுக் கட்டுரைகளில் ‘கருவிழி உணர்வு’ என்று ஓர் எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் அது இந்தப் பேனா சொன்னதாகத்தான் இருக்கும்.

அதன் குறைகளும் அறுபது ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரியும். நைலான் ஈரத்தை உறிஞ்சி இளகும். பழசானால் வளைந்தே நிற்கும். இழை வருவதைக் கண் பார்த்துவிடுகிறது. தொடுவதால் கிருமிபற்றிய கவலை, மேற்பரப்பில் கீறலும் விழலாம். பெரிய குறை இவை அல்ல. ஆரோக்கியமான இளவயதுக் கண், 60 மில்லிமீட்டர் நீட்டிய மிக மெல்லிய தொடுதலையே உணர்ந்துவிடுகிறது. அதாவது அளவுகோல் தொடங்கும் முன்பே விடை முடிந்துவிடுகிறது. உயரம் அளக்கும் கோலில் நாலடிக்குக் கீழே கோடே இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளும் ஒரே உயரம்தான். மரத்துப்போன கண்ணை இந்தப் பேனா அளக்கும். அளவுக்கு மீறி உணரும் கண்ணை, அதாவது பார்க்கக் கண் நன்றாக இருந்தும் ‘மணலைக் கொட்டியதுபோல் இருக்கிறது’ என்று வருடக்கணக்கில் அலையும் ஒருவரின் கண்ணை, அதனால் அளக்கவே முடியாது.

அதனால்தான் தொடாமல் அளக்கும் கருவி தேவைப்பட்டது. 1996இல் ஸ்காட்லாந்தில் மர்ஃபியும் சகாக்களும் ஒரு சிறு குழாயிலிருந்து, கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் தொலைவில், மெல்லிய காற்றுத் துடிப்பை அனுப்பும் கருவியை வெளியிட்டார்கள். அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், ஒரே சீராகக் கூட்டலாம். பயமில்லை, கீறல் இல்லை.

ஆனால் ஊதினால் கண்ணில் என்ன நடக்கிறது? சூடான காபியை ஊதினால் நடப்பதுதான். காற்று பட்ட இடத்தில் கண்ணீர் வேகமாக ஆவியாகிக் குளிர்கிறது. சோதனைக்கு வந்தவர்களும் ‘ஏதோ தொட்டது’ என்பதைவிட ‘ஜில்லென்றது’ என்றே சொன்னார்கள். மர்ஃபி குழு இதை மறைக்கவில்லை, தாங்களே அளந்து காட்டினார்கள்: மெல்லிய காற்றுத் துடிப்பு முதன்மையாகத் தூண்டுவது குளிருணர் நுனிகளை. பேனா இழையோ அழுத்தத்தை உணரும் நுனிகளைக் கேட்கிறது. இரண்டும் தம்மைக் ‘கருவிழி உணர்வுமானி’ என்றே அழைத்துக்கொள்கின்றன. நான் இந்தத் துறையைப் படிக்கத் தொடங்கியபோது ஏன் கட்டுரைக்குக் கட்டுரை முடிவு மாறுகிறது என்று குழம்பியது உண்டு. குழப்பத்தில் பாதி இங்கே இருக்கிறது. உறுத்துகிறதா என்று ஒருவர் கேட்கிறார், குளிர்கிறதா என்று இன்னொருவர் கேட்கிறார். விடைகள் பொருந்தவில்லையே என்று மூன்றாமவர் வருத்தப்படுகிறார்.

அலிகாந்தேயில் கார்லோஸ் பெல்மோன்தே இந்த முடிச்சை முறையாக அவிழ்த்தார். 1999இல் அவர் குழு வெளியிட்ட கருவியில் காற்றைச் சூடாக்கி, கண்ணை அடையும்போது கண்ணின் சூட்டிலேயே இருக்கும்படி அனுப்பலாம். அப்போது எஞ்சுவது அழுத்தம். காற்றை வேண்டுமென்றே குளிர்விக்கலாம், சூடேற்றலாம். மூன்றாவதாக அதில் கரியமில வாயுவைக் கலக்கலாம். அது கண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகும். கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டால் மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அதே வேதியியல், அதே முக்கிளை நரம்பு. ஒரே குழாய், மூன்று கேள்விகள். இதற்கென ஒரு மேசை நிறையச் சாமான் வேண்டும், வாயு உருளை வேண்டும், பழகிய ஆள் வேண்டும். ஆய்வகத்தில் ராஜா, வெளிநோயாளர் பிரிவில் இடம் கிடைக்காது. பின்னாளில் கையடக்கமாக ஒரு வடிவம் வந்தது, கேள்விகளைச் சுருக்கிக்கொண்டு.

நீரின் முறை இப்போது. சுவிட்சர்லாந்தின் ஓல்ட்டன் நகரில் கண்ணளவையியல் கற்பிக்கும் பல்கலைக்கழகக் குழு ஒன்று, காற்றைக் கைவிட்டு உப்புநீரைப் பீய்ச்சும் கருவியை உருவாக்கியிருக்கிறது. கண்ணீரின் உப்புச் செறிவுக்கு ஒத்த நீர், கண் மேற்பரப்பின் சூடு, சில பத்து மில்லி வினாடிகள் மட்டும் நீடிக்கும் சிறு துடிப்பு. ஆவியாதல் பிரச்சினை பெருமளவு ஒழிகிறது. கண்ணீரோடு கண்ணீராய்க் கலப்பது என்பதால் நீர் கரிக்காது. தனியாக எஞ்சுவது அழுத்தம். 2020களின் தொடக்கத்தில் மனிதக் கண்களில் இதைச் சோதித்த முடிவுகள் வந்தன. சோதனை நடந்த விதம்தான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதற்குக் காரணம்.

ஒரு தராசு சரியா என்று எப்படிச் சோதிப்பது? முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறோம். உறுத்தலுக்கு முத்திரை போட்ட கல் ஏது? ‘இந்தக் கண்ணின் உணர்வு சரியாக இவ்வளவு’ என்று எழுதி ஒட்டிய கண் உலகத்தில் எங்கும் கிடையாது. பழைய பேனாவைத் தரக்கல்லாக வைத்துக்கொள்ளலாம் என்றால், அதன் குறைகளுக்காகத்தானே புதிய கருவியே வந்தது?

ஆகவே சோதனையைத் துண்டு துண்டாக்குகிறார்கள். முதல் துண்டில் மனிதனே இல்லை. மேசைமீது கருவியை வைத்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்த உணரியை வைத்து, நூறு தடவை பீய்ச்சினால் நூறு தடவையும் ஒரே அழுத்தம் வருகிறதா? அதிவேகக் கேமராவில் பார்த்தால் நீர்த்தாரை ஒரே கற்றையாகப் போகிறதா, நடுவழியில் சிதறுகிறதா? ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் எவ்வளவு மாறுகிறது? நோயாளி நெற்றியை லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார் என்பதால் இந்தக் கடைசிக் கேள்விக்குத் தலைவலி அதிகம்.

அடுத்தது பத்திரம். சோதனைக்குப் பிறகு கண்ணில் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைத் தொட்டு நீல விளக்கில் பார்ப்பார்கள். மேற்பரப்புச் செல்கள் எங்கே சேதமாகியிருக்கின்றனவோ அங்கே பச்சையாக மினுங்கும். மினுக்கம் கூடக் கூடாது.

பிறகுதான் ஆட்கள். இங்கே அளக்க வேண்டியது உணர்வெல்லை: எந்த அளவிலிருந்து ஒருவர் உணரத் தொடங்குகிறார் என்பது. அதைச் சுவர்போல நினைத்தால் தப்பு. ஒரே அளவுத் துடிப்பை ஒரே கண்ணில் பத்துத் தடவை அனுப்பினால் ஆறு தடவை ‘ஆமாம்’, நாலு தடவை ‘இல்லை’ என்று வரும். பாதித் தடவை உணரும் அளவையே எல்லை என்று வைத்துக்கொள்வது ஃபெஹ்னர் 1860இல் எழுதிய மனப்பௌதிக நூலிலிருந்து வரும் வழக்கம். அதைப் பிடிக்கப் படிக்கட்டு ஏறி இறங்குவார்கள்: உணர்ந்தால் ஒரு படி குறை, உணராவிட்டால் ஒரு படி கூட்டு. சில படிகளுக்குப் பின் விடைகள் ஓரிடத்தைச் சுற்றியே ஊசலாடும். இடைவெளி விட்டுத்தான் செய்ய வேண்டும். முந்தைய துடிப்பு கண்ணில் நீரை விட்டுச் சென்றிருக்கிறதே, அது வடிய வேண்டும், நரம்பும் பழையபடி அடங்க வேண்டும்.

ஆட்களோ ஆட்களாகவே இருக்கிறார்கள். சிலர் வீரர்கள், எது பட்டாலும் ‘ஒன்னும் தெரியலையே’ என்பார்கள். சிலர் நாற்காலியில் உட்காரும்போதே இமைத்துக்கொண்டிருப்பார்கள். இருவரின் கருவிழியும் ஒன்றாகவே இருக்கலாம், குணம் வேறு. இதைப் பிரித்தெடுக்க நடுநடுவே பொய்த் துடிப்பு வைக்கிறார்கள். கருவியில் எல்லாம் நடக்கும், சத்தம் கேட்கும், நீர் மட்டும் வராது. அப்போதும் ‘பட்டது’ என்று பொத்தானை அழுத்துகிறவரின் மற்ற விடைகளுக்கு எவ்வளவு மதிப்பு என்று அதிலிருந்து கணிக்கலாம். அந்தச் சத்தம் முக்கியம். வால்வு திறக்கும்போது ‘டக்’ என்று கேட்டால், கண் உணர்வதற்கு முன்னால் காது உணர்ந்துவிடும். கருவிழியை அளக்கிறோம் என்று நினைத்துச் செவிப்புலனை அளந்துகொண்டிருப்போம்.

இதைப் பிடிக்க ஒரு நேர்த்தியான சோதனை உண்டு, கொல்லருக்கு நன்றி. கண்ணில் மரப்பு மருந்து விட்டுவிட்டுக் கருவியை ஓட்டிப் பார்ப்பது. இப்போது எல்லை எகிற வேண்டும். மரத்துப்போன கண்ணுக்குச் சொந்தக்காரர் இன்னமும் சரியாகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால், துடிப்பு இமை மயிரில் படுகிறது, அல்லது கன்னத்தில் தெறிக்கிறது, அல்லது காதில் விழுகிறது. கருவி வேறெதையோ அளக்கிறது என்பது அம்பலமாகிவிடும். கருவி சரி என்று காட்ட ஆயிரம் கண் வேண்டியிருக்கலாம்; தப்பு என்று காட்ட மரத்த கண் ஒன்று போதும்.

அதே ஆளை வேறொரு நாள் வரவழைத்துத் திரும்பச் செய்ய வேண்டும், முடிந்தால் வேறொருவர் கையால். நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும்; இரவெல்லாம் மூடியிருந்த கண் காலையில் விழித்ததும் மந்தமாக இருக்கும், போகப் போகத்தான் கூர்மையாகும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர், லேசிக் செய்துகொண்டவர், அறுபதைத் தாண்டியவர் என்று உணர்வு குறைந்திருக்கும் எனத் தெரிந்த கூட்டங்களைக் கருவி பிரித்துக் காட்டுகிறதா என்றும் பார்ப்பார்கள். லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கைக் கதவுபோல அரிந்து திறப்பதால் நரம்புகள் அறுபடும். பழைய பேனாவின் கணக்கில் உணர்வு திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு. புதிய கருவி இந்த வரிசையைத் தலைகீழாகக் காட்டினால் ஏதோ கோளாறு.

கடைசித் துண்டு, பழைய கருவியோடு நேருக்கு நேர். ஓல்ட்டன் குழுவும் நீர்த்தாரையை அதே கண்களில் நைலான் பேனாவோடு ஒப்பிட்டது. இந்த இடத்தில் ஆய்வாளர்கள் அடிக்கடி வழுக்கி விழுவதுண்டு. இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன என்று காட்டிவிட்டால் ஒத்துப்போகின்றன என்று அர்த்தமில்லை. ஒரு கடைத் தராசு எப்போதும் இரண்டு மடங்காகக் காட்டினாலும் பக்கத்துக் கடைத் தராசோடு அது சேர்ந்தேதான் ஏறி இறங்கும். அதை நம்பிக் காய் வாங்க முடியுமா? 1986இல் லான்செட் இதழில் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர் இருவர் இதை நறுக்கென்று சொல்லி, வித்தியாசத்தையே வரைந்து பாருங்கள் என்று வழி காட்டினார்கள். மருத்துவ ஆய்வில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று அது.

ஆனால் உணர்வுமானிகளில் அந்த ஒப்பீட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒன்று மில்லிகிராமில் பேசுகிறது, மற்றது மில்லிபாரில். பேனாவின் அளவுகளோ ஆரோக்கியமான கண்கள் அத்தனையையும் 60 மில்லிமீட்டரில் குவித்து வைத்திருக்கின்றன. அந்தக் குவியலுக்குள் நீர்த்தாரை வேறுபாடு காட்டினால் இரண்டும் பொருந்தாது, பொருந்தவும் கூடாது. பொருந்தாமையை இங்கே புதிய கருவியின் குற்றமாக எழுதுவது, நாலடிக்குக் கீழே கோடில்லாத கோலை வைத்துக்கொண்டு குட்டைப் பிள்ளைகளைத் திட்டுவது. காற்றுக் கருவியோடு பொருந்தாவிட்டாலும் அப்படியே. அது குளிரைக் கேட்டது, இது அழுத்தத்தைக் கேட்கிறது. உலர்கண் நோயாளிகளின் உணர்வு கூடியிருக்கிறது என்று சில ஆய்வுகளும் குறைந்திருக்கிறது என்று சில ஆய்வுகளும் சொல்வதில் ஒரு பகுதியாவது, எந்த நுனியைத் தட்டி எழுப்பினார்கள் என்பதைப் பொறுத்தது. உலர்கண் பற்றிய சர்வதேச வல்லுநர் குழு 2017இல் அந்நோயின் வரையறையிலேயே நரம்புணர்வுக் கோளாறைச் சேர்த்தபின், எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

அளந்து வைத்துக்கொண்டு செய்ய இப்போது ஏதாவது இருக்கிறது என்பதும் ஒரு காரணம். மரத்த கருவிழிப் புண்ணுக்கு நெடுங்காலம் இமையைத் தைத்து வைப்பதுதான் மருத்துவம். ரீட்டா லெவி-மோன்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பெறக் காரணங்களில் ஒன்றான நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சொட்டு மருந்தாக்கி, 2017இல் ஐரோப்பாவிலும் 2018இல் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள். நெற்றியிலிருந்து நல்ல நரம்பைக் கொண்டுவந்து கண்ணைச் சுற்றி நடும் அறுவையும் நடக்கிறது. நரம்பு துளிர்க்கிறதா என்று வாரம்தோறும் பஞ்சால் தொட்டு ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது.

இத்தகைய கருவி நம் ஊருக்கு வரும்போது அதன் கையேட்டில் ஐரோப்பியக் கண்களின் எண்கள்தான் இருக்கும். 1975இல் நேச்சர் இதழில் மிஷேல் மில்லோடோ கேட்ட கேள்வி ஒன்று உண்டு: நீலக் கண்ணர்களின் கருவிழி பழுப்புக் கண்ணர்களுடையதைவிட அதிகம் உணர்கிறதா? அவர் அளவில், ஆம். கரும்பழுப்புக் கண்கள் குறைவாகவே உணர்ந்தன. அது நைலான் இழையின் விடை என்பதையும் மறக்காமல், இங்கே முதலில் இங்குள்ள கண்களில்தான் தொடங்க வேண்டும்: பதினெட்டிலிருந்து எண்பது வரை, நோயில்லாதவர்கள், வெயிலில் வேலை செய்கிறவர்களும் ஏசி அறையில் திரை பார்ப்பவர்களும். ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சென்னைக் காற்றில் நைலான் இளகும். நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் பொருத்தி, முதல் துடிப்பை அனுப்புவதற்கு முன்னால், யாராவது எழுந்துபோய்த் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்த வேண்டும்.